பாதி நாற்றத்தோடு ஓர் இருக்கை

மார்ச் 2

அன்புள்ள அண்ணா,

நேற்று மாலையிலிருந்து கூப்பிடுகிறேன், போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்டரில் கூட்டமாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு பொறாமையாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவது காரணம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டதால் அதையே உண்மை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஜெயித்துவிட்டேன் அண்ணா. நாம் இரண்டு பேரும் விழுந்து கிடக்கிற அந்த இணையக் குறுக்கெழுத்துக் குழுவில், மாதம் ஒரு சொல்லைக் கொடுத்து இதற்குக் கோணலாக ஒரு குறிப்பு எழுது என்கிறார்கள், நானும் சளைக்காமல் எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். இதுவரை எனக்கு விழுந்த அதிகபட்ச ஓட்டு இரண்டு. அதில் ஒன்று நானே போட்டுக்கொண்டது என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்வீர்கள். இன்னொன்றும் நான்தான், கை தவறி மறுபடி அழுத்திவிட்டேன். அப்படிப்பட்ட எனக்கு இந்த மாதம் பதினேழு ஓட்டு. குழுவை நடத்தும் கணக்கு டீச்சரே, 'ஒத்தைச் செருப்புக்கு வாழ்த்துகள்' என்று எல்லோர் முன்னாலும் போட்டுவிட்டார். பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருள் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவன் வேறு என்ன பெயர் வைத்துக்கொள்வான் என்று, 'மாத்திரை' என்று புனைபெயர் வைத்திருக்கும் நீங்கள் கிண்டல் செய்தீர்களே, இப்போது அந்தச் செருப்புக்குத்தான் மாலை.

சொல் 'நாற்காலி'. என் குறிப்பு: 'பாதி நாற்றத்தோடு ஆளில்லாமல் கிடக்கும் இருக்கை (4)'. நாற்றத்தில் பாதி 'நாற்'. ஆளில்லாமல் கிடந்தால் 'காலி'. இரண்டையும் ஒட்டினால் இருக்கை. உங்களுக்கே விளக்கம் சொல்வது கொழுப்புதான். ஆனாலும் நேற்றிலிருந்து பார்க்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், உங்களை மட்டும் ஏன் விட வேண்டும்? பக்கத்துக் கவுன்டர் டிக்கெட் கிளார்க் மூன்று தடவை கேட்டுவிட்டு, "சரி சார், ஆனா யார் சார் அங்க உட்காருவாங்க?" என்றார்.

போன மாதம் உங்கள் வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பினேனே, அந்தப் பேருந்தில் பிறந்தது இது. கடைசி வரிசையில் ஒரு சீட்டு மட்டும் காலி. மற்றவர்கள் எல்லாம் நிற்கிறார்கள். ஏன் என்று உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. எழுந்தால் மானம் போகும் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன், குறிப்பு வந்துவிட்டது.

அக்காவுக்குப் பதினெட்டாம் தேதி மூட்டு ஆபரேஷன் என்றதும் இங்கே என் மனைவி பெட்டியைத் திறந்துவிட்டாள். கட்டிலின் கால்மாட்டில் அது கிடப்பதால் நான் காலை மடக்கிக்கொண்டு தூங்குகிறேன். ஒரு மாதம் அக்கா பக்கத்தை விட்டு நகர மாட்டாளாம்.

ஒரு சந்தேகம். பட்டியலில் உங்கள் குறிப்பைத் தேடித் தேடிப் பார்த்தேன். மருந்துச் சீட்டுப் போல ஒரு சொல் கூடாமல் குறையாமல் இருக்கும், எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும். காணோமே. இந்த மாதம் அனுப்பவில்லையா?

உங்கள் சகலை


மார்ச் 4

மதிப்பிற்குரிய சகலை அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய மின்னஞ்சல் கிடைத்தது. போனில் பேசினால் குரல் உயரும் என்பதால் எழுதுகிறேன்.

நான் அனுப்பினேன். என் குறிப்பு: 'பாதி நாற்றத்தோடு ஆளில்லாத இருக்கை (4)'. டீச்சரிடமிருந்து வந்த பதில் ஒரு வரி: 'இதே குறிப்பு முன்பே வந்துவிட்டது, வழக்கப்படி முதலில் வந்ததை மட்டும் பட்டியலில் சேர்க்கிறேன்.' யாரோ ஒரு அறிவாளி என்று விட்டுவிட்டேன். முடிவு வந்த பிறகுதான் அந்த அறிவாளி யார் என்று தெரிந்தது.

தாங்கள் என் வீட்டில் தங்கியிருந்த சனிக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இந்தக் குறிப்பை என் மனைவியிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவள் கேட்கவில்லை, அது வேறு விஷயம். அந்த மேசைக்கும் குளியலறைக் கதவுக்கும் நடுவில் ஒரு குளிர்சாதனப் பெட்டி மட்டும்தான் இருக்கிறது. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே தாங்கள் முகம் கழுவிக்கொண்டிருந்தீர்கள்.

நான் அதை உடனே அனுப்பவில்லை. எந்தக் குறிப்பையும் சில நாள் ஊறவைப்பது என் பழக்கம். தாங்கள் ஊருக்குப் போனதும் அனுப்பிவிட்டீர்கள். என்னுடையதில் இல்லாத 'கிடக்கும்' என்ற ஒரு சொல் மட்டும் தங்கள் சொந்தச் சரக்கு. வாழ்த்துகள்.

ஆபரேஷனுக்கு வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் அம்மாவை ஏற்பாடு செய்துவிட்டேன். தங்கள் மனைவி சிரமப்பட்டு வர வேண்டாம்.

இப்படிக்கு
மாத்திரை


மார்ச் 5

அண்ணா,

'தாங்கள்' என்று படித்ததும் கடிதம் வேறு யாருக்கோ என்று முகவரியைப் பார்த்தேன். கல்யாணத்தன்று என்னை முதன்முதலாகப் பார்த்தபோதுகூட நீங்கள் "யோவ், மாலையைச் சரியா போடு" என்றுதான் சொன்னீர்கள். இவ்வளவு மரியாதையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

நான் எடுக்கவில்லை. குழாயைத் திறந்து வைத்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன், உங்கள் வீட்டுக் குழாய் கத்துகிற கத்தலில் இடி விழுந்தாலும் கேட்காது. சாட்சி கேட்டால் என்னிடம் இல்லை. பேருந்தில் இருந்தவர்கள் எல்லாம் என்னை விட்டுத் தள்ளி நின்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாற்றத்துக்குக் காரணம் சீட்டுக்கு அடியில் கிடந்த ஒரு விளையாட்டுப் பை. மறுநாள் அது என் கவுன்டருக்கே வந்து சேர்ந்தது. உள்ளே ஈரத்துண்டு, ஈரக் காலுறை. இன்னும் யாரும் வந்து கேட்கவில்லை. நானாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

உங்கள் கடிதத்தை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும் நிமிர்ந்து, "எடுத்தீங்களா?" என்றாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளே கேட்டுவிட்டாள், உங்களை என்ன சொல்ல?

பரிசு வேண்டாம் அண்ணா. டீச்சருக்கு எழுதி ஓட்டெல்லாம் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்கிறேன். அடுத்த மாதச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் உங்களுக்கே. என்னைத் திட்டுங்கள், வீட்டுக்குள் சேர்க்காதீர்கள், கோபம் பொங்கி அடங்கிய பிறகு என்றைக்காவது கூப்பிடுங்கள். ஆனால் இவளை வரவேண்டாம் என்று சொல்லாதீர்கள். அக்கா வலியில் யாரையும் பக்கத்தில் விட மாட்டார். காய்ச்சல் வந்தாலே கதவைச் சாத்திக்கொள்கிறவர். இவள் ஒருத்திதான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவாள், அது உங்களுக்கே தெரியும்.

பெட்டி இன்னும் திறந்தபடிதான் கிடக்கிறது. மூடவும் இல்லை, துணியை எடுத்து அலமாரியில் வைக்கவும் இல்லை.

சகலை


மார்ச் 9

சகலை அவர்களுக்கு,

ஓட்டை மாற்ற வேண்டாம். விட்டெறிந்த பரிசை நான் பொறுக்கிக்கொள்வேன் என்று நினைத்தீர்களா? முறையாக விசாரிக்கும்படி டீச்சருக்கு எழுதிவிட்டேன். யார் எப்போது அனுப்பினார்கள் என்று நேரத்தோடு தரச் சொல்லியிருக்கிறேன். நான் ஒரு மருந்தை எடுத்துக் கொடுத்தால் அட்டையை இரண்டு தடவை பார்க்கிறவன். இதையும் அப்படியே பார்ப்பேன்.

நேற்று எனக்கு விடுமுறை. தாங்கள் சொன்ன அதே பேருந்தில் ஏறி, கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாதி தூரம் போய்த் திரும்பினேன். எந்த நாற்றமும் இல்லை. பக்கத்தில் ஒருவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார், நல்ல வாசனை. பையை எடுத்த பிறகு நாறாது என்று தாங்கள் சொல்லலாம். அந்த வாதத்தை நானும் யோசித்துப் பார்த்தேன். அதைத் தள்ளிவிட முடியவில்லை என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

நர்ஸ் அம்மா நேற்று மத்தியானம் பழகிப் பார்க்க வந்தார். நல்ல மனிதர், கண்டிப்பானவர். வந்ததும் என் மனைவியின் தலையணையை மாற்றி வைத்தார். என் மனைவி அதைப் பழையபடி வைத்தாள். அவர் மறுபடி மாற்றினார். மாலை வரை இதுதான் நடந்தது. அவர் போன பிறகு இவள், "யார் வரணும்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள், அவ்வளவுதான்.

நான் கேட்கவில்லை என்பது உண்மை.

மாத்திரை


மார்ச் 11

அண்ணா,

இதைச் சிரிக்காமல் எழுதுகிறேன், பழக்கமில்லாததால் கோணலாக இருக்கும்.

என் கவுன்டரில் கறுப்புக் குடைகள் ஒரு மூலை நிறையக் கிடக்கும். தினம் யாராவது வருவார்கள். ஒரு குடையை எடுத்துப் பிரித்து, பிடியைத் தடவி, "இதேதான் சார், என்னுது" என்பார்கள். விசாரித்தால் அவர்கள் தொலைத்தது வேறு பேருந்தில், வேறு வாரத்தில். பொய் சொல்கிறவர்கள் இல்லை அண்ணா, நான் அந்த முகங்களைப் பார்த்திருக்கிறேன். தன்னுடையதுதான் என்று முழுசாக நம்பித்தான் எடுக்கிறார்கள். நாம் சுட்டிக்காட்டியதும் அவர்கள் படுகிற அவமானத்தைப் பார்க்கச் சகிக்காது.

இரண்டு நாளாக எனக்கு அந்த முகம்தான் கண்ணாடியில் தெரிகிறது. குழாய் திறந்திருந்தது என்று சத்தியமாக எழுதினேன். ஆனால் குழாயை எப்போது மூடினேன்? துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணாடி முன்னால் நின்றேன், மீசையில் ஒரு வெள்ளை முடி இருந்தது. அப்போது உங்கள் குரல் கேட்டதா? கேட்டதாக ஞாபகமில்லை. ஆனால் காதில் விழுந்து, உள்ளே போய், ஞாபகத்தில் மட்டும் தங்காமல் இருந்திருந்தால்? பேருந்தில் உட்கார்ந்தபோது அது என் மூளையில் பிறந்ததா, உங்கள் மேசையிலிருந்து தொத்திக்கொண்டு வந்ததா? எனக்கே தெரியவில்லை அண்ணா.

டீச்சர் என்ன கண்டுபிடித்தாலும் எனக்கு அது போதும். நான் எடுத்தேன் என்று வந்தால் குழுவை விட்டுப் போய்விடுகிறேன். அது பெரிய விஷயமில்லை, செருப்பு ஒன்று குறைந்தால் யாருக்கு என்ன? என் தலைக்குள் வருவது என்னுடையதுதானா என்று இனி ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டியிருக்கும், அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

ஆபரேஷனுக்கு இன்னும் ஒரு வாரம். இவள் இன்று பெட்டியில் இரண்டு புடவை கூடுதலாக வைத்தாள்.

சகலை


மார்ச் 15

யோவ் சகலை,

முதலில் செய்தி. நீர் திருடவில்லை. இதைப் படித்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மீதியைப் படியும். நான் குடித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

டீச்சர் இன்று காலை பதில் போட்டார். அந்தக் குறிப்பை அனுப்பியவர்கள் நாம் இரண்டு பேர் அல்ல. ஐந்து பேர். ஐந்து பேரும் வேறு வேறு ஊர், ஒருவரை ஒருவர் பார்த்ததுகூடக் கிடையாது. அத்தனையிலும் பாதி நாற்றம் இருக்கிறது, ஆளில்லாத இருக்கையும் இருக்கிறது. ஒரு சொல் முன்னே, ஒரு சொல் பின்னே, அவ்வளவுதான் வித்தியாசம். நீர் முதலில் அனுப்பியதால் உம்முடையது பட்டியலுக்குப் போனது. நான் இரண்டாவதுகூட இல்லை ஐயா. நாலாவது.

இன்னும் கேளும். விசாரணை கேட்டு எழுதியது நான் மட்டும் இல்லையாம். ஒரு பல் டாக்டர், தன் உதவியாளர் காதில் விழும்படி சொல்லித் தொலைத்தேன் என்று எழுதியிருக்கிறார். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு அம்மாள், கணவர்தான் ஒத்தைச் செருப்பு என்ற பெயரில் விளையாடுகிறார் என்று முடிவுகட்டி ஒரு வாரமாக அவரோடு பேசவில்லையாம். அந்த மனிதருக்குக் குறுக்கெழுத்து என்றால் என்னவென்றே தெரியாதாம், பாவம், ராசியாவதற்காகச் செய்ததை ஒப்புக்கொண்டுவிட்டாராம். இன்னொருவர் கட்டட இன்ஜினியர். அவர்தான் மனிதர். யாரையும் சந்தேகிக்காமல், 'இவ்வளவு நன்றாக எனக்கு வராது, எங்கோ படித்ததை எழுதிவிட்டேன் போலிருக்கிறது, மன்னிக்கவும்' என்று எழுதியிருக்கிறார். உமக்கும் அவருக்கும் தூரத்து உறவு இருக்கும்.

டீச்சர் எங்கள் எல்லோருக்கும் சேர்த்துப் போட்ட வரியை அப்படியே தருகிறேன்: "நாற்காலின்னு குடுத்தா நாத்தத்துலதான் எல்லார் மூக்கும் போய் நிக்கும். இதுல திருடறதுக்கு என்னங்க இருக்கு?"

சில நாள் ஊறவைத்தேன் சகலை. இதை ரத்தினம் என்று நினைத்துத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தேன். தெருவில் கிடந்த கூழாங்கல். நீர் திருடனில்லை, நான் மேதையில்லை. முதலாவது பெரிய நிம்மதி. இரண்டாவதும் நிம்மதிதான் என்று இன்று மத்தியானத்துக்கு மேல் புரிந்தது, தோள் கொஞ்சம் இறங்கின மாதிரி இருக்கிறது.

உம்முடைய குடைக் கடிதத்தை நான் கவுன்டரில் வைத்துப் படித்தேன். அன்று ஒருவருக்கு மாத்திரை அட்டையை மூன்று தடவை பார்த்துக் கொடுத்தேன். மன்னித்துக்கொள்ளும். இதை நேரில் சொல்ல எனக்கு வராது, அதனால் இங்கேயே முடித்துக்கொள்கிறேன்.

நர்ஸ் அம்மாவுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன். தலையணை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ஆபரேஷன் வருகிற பதினெட்டு. உம் மனைவியை உடனே அனுப்பி வையும். கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள்ளும்.

மாத்திரை


மார்ச் 16

அண்ணா,

தண்ணீர் குடித்தேன். இரண்டு டம்ளர்.

நீங்கள் கெஞ்சியது வீண். நேற்று மத்தியானம் நான் வேலையிலிருந்து வந்தபோது கட்டில் கால்மாட்டில் பெட்டி இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்து, "அவர் வந்தா சொல்லிடுங்க, அக்கா வீட்டுக்குப் போயிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். உங்கள் கடிதம் அப்போது வரவேயில்லை. எடுத்தீங்களா என்று அன்று கேட்டவள், எடுத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் போவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது. நீங்களும் நானும் 'தாங்கள்' போட்டுக்கொண்டு இத்தனை நாள் யாருக்கு அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தோம்?

இது உங்கள் கைக்குக் கிடைக்கும்போது அவள் உங்கள் வீட்டு அடுப்படியில் நின்று, டப்பாக்களை எல்லாம் தன் இஷ்டப்படி மாற்றி அடுக்கிக்கொண்டிருப்பாள். தயவு செய்து தடுக்காதீர்கள்.

ஐந்து பேர் என்று படித்ததும் எழுந்து போய்க் கண்ணாடியில் பார்த்தேன். என் முகம்தான். வெள்ளை முடியும் என்னுடையதுதான். எடுத்து எறிந்தேன். கவுன்டரில் டிக்கெட் கிளார்க்கிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "அப்ப உங்களது ஒண்ணும் பெரிசா இல்லியா சார்?" என்றார். ஆமாம் என்றேன். இவ்வளவு சந்தோஷமாக அந்த வார்த்தையை நான் இதற்குமுன் சொன்னதில்லை. என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை ஜெயித்தேன் அண்ணா, அதுவும் நாலு பேருக்கு வந்ததை அவர்களுக்குக் கொஞ்சம் முன்னால் அனுப்பியதற்காக. உங்களைப் போல ஊறவைக்காத சோம்பேறித்தனத்துக்குக் கிடைத்த பரிசு. பதினேழு ஓட்டையும் வைத்துக்கொள்கிறேன், மாற்றச் சொன்னதை மறந்துவிடுங்கள்.

அடுத்த மாதச் சொல்லை நான்தான் தர வேண்டும். எல்லோருக்கும் ஒரே மாதிரி தோன்றாத சொல்லாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். இருந்தால் சொல்லுங்கள்.

அக்காவிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்களும் பயப்படாதீர்கள். நீங்கள் பயந்தால் எல்லோரிடமும் மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிடுவீர்கள்.

சகலை


மார்ச் 22

யோவ்,

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் வெளியே வந்து, "நல்லா வந்திருக்கு" என்றார். அதற்குமேல் அவர் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை. மருந்துச் சீட்டைக் கொடுத்தபோது அவர் கையெழுத்தை முதல்முறையாக என்னால் படிக்க முடியவில்லை. உள்ளே கவுன்டரில் இருந்த பையனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

நேற்று வீட்டுக்கு வந்தாகிவிட்டது. இன்று காலை என் மனைவி வாக்கரைப் பிடித்துக்கொண்டு அறையிலிருந்து கூடம் வரை வந்தாள். உம் மனைவி பின்னாலேயே கையைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தாள், பிடிக்கவில்லை, விழுந்தால் பிடிப்பதற்காக. நான் உதவ எழுந்தேன். இரண்டு பேரும் ஒரே குரலில் உட்காரச் சொன்னார்கள். என்னை அறைக்குள் விடுவதில்லை. உள்ளேயிருந்து பேச்சும் சிரிப்பும் வருகிறது, வலியில் முனகுகிற சத்தமும் நடுவில் வருகிறது, பிறகு மறுபடி சிரிப்பு. மிளகுத்தூள் டப்பா எங்கே இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியாது.

இன்று சாப்பிடும்போது, நாம் எதற்குச் சண்டை போட்டோம் என்று இரண்டு பேரும் கேட்டார்கள். மறைத்துப் பயனில்லை என்று குறிப்பைச் சொன்னேன். 'பாதி நாற்றத்தோடு ஆளில்லாமல் கிடக்கும் இருக்கை.' உம்முடையதைத்தான் சொன்னேன், 'கிடக்கும்' சேர்த்து. அதுதான் கொஞ்சம் மேல் என்று இப்போது தோன்றுகிறது, இதை வெளியே சொல்லாதீர். உம் மனைவி, "இதுக்கா?" என்றாள். என் மனைவி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஏன், நீங்க பேப்பர் படிக்கிற நாற்காலிதானே?" என்றாள்.

நாற்றத்தையும் பிரிக்கவில்லை, பாதியும் பண்ணவில்லை. நேராகப் போய் விடையில் உட்கார்ந்துவிட்டாள். இது முறையான விடையா, டீச்சரிடம் கேட்க வேண்டுமா என்று யோசித்தேன். பிறகு விட்டுவிட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் தையல் பிரிந்துவிடும் என்று உம் மனைவி அதட்டினாள்.

சனிக்கிழமை கிளம்பி வாரும். அந்தப் பேருந்திலேயே வாரும், உட்கார இடம் இருக்கும். உம் இஷ்டம் போல் தங்கும். குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவும், மூடிவிட்டுக் கழுவும், நான் என்ன வேண்டுமானாலும் மேசையில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்வேன்.

இதை அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டேன். நாறவில்லை.

மாத்திரை